தம்புசாமி தலைக்குமேல் ஒரு ஏரோப்ளேன்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால் மூன்று பேருக்கு உடனே ஆள் போகும். பண்டாரத்துக்கு, பாடை கட்டுகிறவருக்கு, போட்டோக்கார இராமலிங்கத்துக்கு. பண்டாரமாவது மறுநாள் ஒரு கல்யாண வீட்டில் பாயசம் குடித்துவிட்டு வருவார். இராமலிங்கத்துக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது. உயிரோடு இருக்கிறவரைப் படம் பிடித்தால் ஆயுசு குறைந்துபோகும் என்று ஜனங்களுக்கு அப்போது ஒரு பயம். கேமராவைக் கண்டால் கல்யாண மாப்பிள்ளைகூடக் காத தூரம் ஓடுவான். ஆயுசு முடிந்த பிறகு அந்தப் பயம் இல்லை பாருங்கள், அப்போது கூப்பிட்டு அனுப்புவார்கள். ரயில்வே கோட்டர்ஸில் முக்கால்வாசிப் பேருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு படம்தான். அதையும் அவர்கள் பார்த்ததில்லை.

பதினெட்டு வருஷமாக இராமலிங்கம் செய்தது இந்த வேலைதான். பிணத்தை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். முதுகுச் சட்டைக்குள் ஒரு குச்சியைச் செருகித் தலையை நிமிர்த்த வேண்டும். பின்னால் கறுப்புக் கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டு, அழுகிறவர்களை ஒரு நிமிஷம் அழாமல் நிற்கச் சொல்ல வேண்டும். அதுதான் இருப்பதிலேயே கொடுமை. “கொஞ்சம் அசையாம இருங்கம்மா, ஒரே நிமிசம்” என்று சொல்லிச் சொல்லி அவருக்கு நாக்கே மரத்துப்போயிற்று. நாற்பத்தாறு வயதுக்குள் முட்டி தேய்ந்துவிட்டது. சாம்பிராணி வாசம் சட்டையைவிட்டுப் போவதில்லை. வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. மனைவி சீதாலெட்சுமி ரசம் வைத்துப் பார்ப்பாள், துவையல் அரைத்துப் பார்ப்பாள், கடைசியில் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

இப்படிப்பட்ட மனுஷன் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில். சுங்கை பெசிப் பக்கம் ஏரோப்ளேன் இறங்குகிற மைதானம் ஒன்று இருந்தது. அங்கே பறக்கும் கிளப்பில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ராதாகிருஷ்ணன் இவருக்கு எதிர் வீடு. ஒரு நாள் அவன்தான் வந்து சொன்னான்.

“அண்ணே, எங்க கிளப்புக்கு நிரந்தரமா ஒரு படம் பிடிக்கிற ஆள் வேணுமாம். தொரை கேட்டாரு. பறக்கிற ஏரோப்ளேன ஒண்ணு பளிச்சுனு பிடிச்சிக் குடுத்தா போதும், வேல உங்களுக்குத்தான். அப்பறம் எந்த எழவு வீட்டுக்கும் நீங்க போக வேணாம்லா.”

எந்த எழவு வீட்டுக்கும் போக வேண்டாம்! இராமலிங்கம் அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சீதாலெட்சுமிக்கு நம்பவே முடியவில்லை.

ஆனால் பிணம் அசையாது, ஏரோப்ளேன் நிற்காது. அங்கேதான் வந்தது வினை. அவருடைய பழைய கேமரா மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கிற ஜாதி. குறுக்கே பறக்கிற எதையும் அது கோடாகத்தான் இழுத்துவிடும். சரியான இடத்தில் நின்றால் ஒழியப் படம் விழாது என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு மூன்று மாதம், ஒவ்வொரு ஞாயிறும், அந்த மனுஷன் மூன்று கால் ஸ்டாண்டைத் தோளில் சுமந்துகொண்டு அந்த மைதானத்தைச் சுற்றினார்.

முதலில் வாசல் பக்கம் போய் நின்றார். காவலுக்கு இருந்த ஜாகாக்காரர் தடியைத் தட்டி விரட்டினார். அடுத்த வாரம் ரயில் தண்டவாளத்து மேட்டில் ஏறினார். ஏரோப்ளேன் வருகிற நேரம் பார்த்துக் காஜாங் ரயிலும் வந்தது. படம் விழுகிற கண்ணாடித் தகடு முழுக்கப் புகை. அதற்கடுத்த வாரம் பழைய ஈயச் சுரங்கத்து மணல்மேடு. உயரம் நல்ல உயரம், மைதானமே கைக்குள் இருந்தது. ஆனால் காலை வெயில் நேரே முகத்தில் அடித்தது. சாயங்காலம் போகலாம் என்றால் தினமும் நாலு மணிக்கு மழை. ஒரு தடவை சேற்றில் முழங்கால் வரை புதைந்து, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வீடு வந்தார்.

“உங்களுக்கு என்ன தலையெழுத்தா?” என்றாள் சீதாலெட்சுமி, வெந்நீர் ஊற்றிக்கொண்டே.

“தலையெழுத்த மாத்தத்தாண்டி போறேன்” என்றார். சொல்கிறபோதே கொட்டாவி வந்தது.

இடத்தைக் காட்டிக் கொடுத்தது மாரியாயி. மைதானத்துக்கு மேற்கே ஒட்டினாற்போல் இருந்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல் நடந்த இவரைப் பார்த்து வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“என்னாண்ணே, வாரா வாரம் ஊர்வலம் வரீங்க? ஆகாசக் கப்பல்தானே பாக்கணும்? நான் பால் வெட்டுற மர வரிசை, என் நெரைக்கு வாங்க. காத்து அந்தப் பக்கத்துலேர்ந்து அடிச்சா, அது என் நெரைக்கு மேலதான் எறங்குது. மரத்துல கட்டின பால் மங்கெல்லாம் கடகடன்னு ஆடுது. ஒரு நாள் என் பாலு பூரா கொட்டிப்போச்சு, கங்காணி என்னைப் புடிச்சி ஏசுறான்!”

போய்ப் பார்த்தார். தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு வடிகால், அதற்கு இந்தப் பக்கம் கொஞ்சம் புல்தரை. அங்கே நின்று மரங்களைப் பார்த்தால் காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மைதானத்துக் கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப் பை நகரத்துப் பக்கம் உப்பியிருந்தது. ஏரோப்ளேன் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும் என்று ராதாகிருஷ்ணன் சொல்லியிருந்தான். அப்படியானால் இன்று அந்தப் பக்கம். காற்று மாறினால் இந்த மரங்களுக்கு மேலே, நேராக இவரைப் பார்த்து வரும். குறுக்கே ஓடாமல் எதிரே வருகிறதைக் கேமராவும் கோடாக இழுக்காது. இராமலிங்கம் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவருக்குக் கால் வலிக்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து ஐந்து ஏரோப்ளேன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடாயிற்று. “அன்னிக்கே பிடிச்சிருங்கண்ணே. திங்கக்கெழம பத்து மணிக்குத் தொரை மேசையில படம் இருக்கணும். அதுக்கு மேல என்னால புடிச்சி வைக்க முடியாது” என்று ராதாகிருஷ்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். இராமலிங்கத்திடம் மூன்று மரச்சட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கண்ணாடித் தகடு. மொத்தம் ஆறு. ஆறையும் புதிதாகப் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ஆள் வந்தது. ரயில்வே கேட்டுக்காரர் தம்புசாமி போய்விட்டார்.

இராமலிங்கம் வாசற்படியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ‘இன்றைக்குத்தானா?’ என்றிருந்தது. ஆனால் தம்புசாமியை அவருக்குத் தெரியும். தினமும் கேட்டை மூடிக்கொண்டு, “போட்டோக்காரரே, என்னை மட்டும் இப்ப எடுத்துறாதீங்க” என்று கேலி பண்ணுகிற ஆள். போகாமல் இருக்க முடியுமா?

போனார். முதல் தகட்டில், கேமரா கண் திறந்த நேரத்தில் தம்புசாமியின் மனைவி பவுனம்மாள் ஓடிவந்து புருஷன் மடியில் விழுந்துவிட்டாள். வீண். இரண்டாவது நன்றாக விழுந்தது. வெள்ளை வேட்டி, தாடையைச் சேர்த்துத் தலையில் முடிந்த வெள்ளைத் துணி, சாந்தமான முகம். இராமலிங்கம் தன் வழக்கப்படி வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டுச் சட்டத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். பொட்டு இருந்தால் எடுத்த தகடு, இல்லாவிட்டால் புதுசு. பதினெட்டு வருஷமாக அதுதான் அவருக்குக் கணக்கு. சுண்ணாம்பு காய்ந்தால் சுரண்டினால்தான் போகும்.

பவுனம்மாள் வாசல்வரை வந்தாள். “அண்ணே, அவர் மொகம் வேற எதுலயும் இல்லண்ணே. கருமாதிக்கு மால போடணும். நல்லா வந்துருமில்ல?”

“வந்துரும் தங்கச்சி” என்றார்.

வழக்கமாக அன்றைக்கே இருட்டறைக்குள் போய்த் தகட்டைக் கழுவிவிடுவார். அன்று உடம்பு கேட்கவில்லை. பின்கட்டுக் குழாயில் தலைமுழுகினார், படுத்தார், அடித்துப் போட்டதுபோல் தூங்கிப்போனார். சாவு வீட்டிலிருந்து வந்த சாமானை அப்படியே வீட்டுக்குள் விடுகிற பெண் அல்ல சீதாலெட்சுமி. எப்போதும்போல் செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கேமராவைத் துடைத்தாள், ஸ்டாண்டைத் துடைத்தாள். சட்டங்கள் எப்போதும் இருட்டறையில் இருக்கும். இன்று பையிலேயே இருந்தன. அவற்றையும் எடுத்தாள். திறக்கவில்லை, மேலாகத்தான் துடைத்தாள். ஒன்றைத் துடைக்கும்போது ஈரத்துணி திடீரென்று ரத்தச் சிவப்பாயிற்று. சாவு வீட்டுத் தீட்டு எதையோ காட்டுகிறது என்றே நினைத்துவிட்டாள். மரம் பளபளக்கும்வரை தேய்த்தாள். நாளைக்கு நல்ல காரியத்துக்குப் போகிறவரைப் பயமுறுத்த வேண்டாம் என்று வாயையும் மூடிக்கொண்டாள்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று ஆரத்தி கரைக்கத் தெரிந்தவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். பயத்தில் எந்த மனுஷருக்கு எது ஞாபகம் வருகிறது!

ஞாயிற்றுக்கிழமை காற்று மாறியிருந்தது. இராமலிங்கம் மாரியாயியின் நிரைக்கு எதிரே ஸ்டாண்டை ஊன்றிக்கொண்டு நின்றார். ‘பொட்டு வைத்த சட்டம் எங்கே?’ என்று பையில் ஒரு தடவை துழாவினார். எல்லாமே பொட்டில்லாமல் இருந்தன. நேற்று அதை வெளியே எடுத்து வைத்துவிட்டேன் போலிருக்கிறது, அசதியில் எதுவும் நினைவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எண்ணிப் பார்த்திருந்தால் மூன்று சட்டமும் பையில் இருப்பது தெரிந்திருக்கும். அதற்குள் தூரத்தில் சத்தம் கேட்டுவிட்டது.

நாலு ஏரோப்ளேன் போயிற்று. ஒன்று உயரே ஈ மாதிரி. ஒன்றுக்கு அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்துவிட்டார். இரண்டு சாய்ந்து வந்து வேறு பக்கம் இறங்கின. ஐந்தாவது வந்தது பாருங்கள், மர உச்சியைத் தடவிக்கொண்டு, நேருக்கு நேராக, இரண்டு அடுக்குச் சிறகையும் விரித்துக்கொண்டு, சக்கரம் இலையில் படுகிற மாதிரி! மங்குகள் கடகடவென்று ஆடின. இராமலிங்கம் கேமராவின் ரப்பர் பந்தை அமுக்கினார். விழுந்துவிட்டது என்று அவருக்கு உள்ளங்காலில் தெரிந்தது. ஓரத்தில் நின்றிருந்த மாரியாயியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“கைய எறக்குங்கண்ணே, என்னைப் போயி கும்புட்டுக்கிட்டு” என்று அவள் வெட்கப்பட்டாள்.

மத்தியானம் இருட்டறையில், சிவப்பு விளக்கடியில், ஐந்தாவது ஏரோப்ளேன் தட்டுத் தண்ணீருக்குள் மெல்ல எழுந்து வந்தது. சிறகு வந்தது. கம்பிகள்கூட ஒவ்வொன்றாக வந்தன. சக்கரங்களுக்குக் கீழே ஏதோ கூடுதலாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தார். ஒரு தலை. தாடைத் துணி கட்டிய தலை. சக்கரம் இரண்டும் அந்தத் துணி முடிச்சுக்குள் போயிருந்தன. ரப்பர் மரங்களின் இருட்டுக்குள் தம்புசாமி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

இராமலிங்கம் வெளியே வந்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியில் இரண்டு சிவப்புக் கறை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சீதாலெட்சுமியும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமலே அவளுக்கு விளங்கிவிட்டது.

“ஐயோ, சுண்ணாம்பா அது? நான்தானே தொடச்சேன்! பாவி, நான்தானே தொடச்சேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

திட்டத் தெம்பில்லை. தகட்டைக் காய வைத்து ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டினார். “ரெண்டுல ஒண்ணுதாண்டி மிஞ்சும். கத்தியால தம்புசாமியச் சொரண்டி எடுத்துட்டா, அந்த எடம் அச்சுல மரத்தோட மரமா இருட்டாயிரும். ஏரோப்ளேன் முழுசா நிக்கும். நாளைக்குத் தொரைகிட்டக் குடுக்கலாம். இல்லன்னா ஏரோப்ளேன் மேல தூரிகையால செவப்பு மையப் பூசணும். வானம் வெறும் வெள்ளையா வரும். தம்புசாமி மட்டும் இருப்பாரு.” இரண்டையும் தனித்தனியாக அச்சுப் போடக் காகிதமும் கையில் இல்லை, ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை, கடையும் இல்லை.

இராமலிங்கம் கத்தியை எடுத்துக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார். பொய் சொல்லுவானேன், அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. பதினெட்டு வருஷம்! பவுனம்மாளிடம் படம் கெட்டுப்போயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏழை பாழை, என்ன கேட்டுவிடப் போகிறாள்?

“கத்தி வேணாங்க” என்றாள் சீதாலெட்சுமி. அழுதுகொண்டே சொன்னாள். “அந்த மனுசனுக்கு வேற மொகம் கெடையாது.”

கத்தியை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தார். முதலில் சக்கரம், அப்புறம் கம்பிகள், கடைசியில் சிறகு. திங்கட்கிழமை பத்து மணி அடித்தபோது பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

புதன்கிழமை படத்தைச் சட்டம் போட்டுப் பவுனம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து முகத்தைப் பார்த்தாள். தடவினாள். பிறகு அவள் கை நின்றது.

“இது என்னாண்ணே, சுத்தி?”

“மரம் தங்கச்சி. ரப்பர் மரம். தகட்டுல ஒரு தப்பு ஆயிப்போச்சு…”

“ரப்பர் காடா?” அவள் குரல் உடைந்தது. “அண்ணே, காஜாங் பக்கத்துத் தோட்டத்துலேர்ந்து கங்காணி அடி பொறுக்காம, வாழ்வோ சாவோன்னு ஓடி வந்த மனுசன் அவரு. முதுகுல தழும்பு இருந்திச்சே, நீங்க பாக்கலியா? ரயில்ல போனாக்கூட அந்த மரத்தப் பாக்க மாட்டாரு, கண்ண மூடிக்குவாரு. இருவத்தஞ்சு வருசம் கழிச்சு, செத்த பெறகு, அங்கியே கொண்டுபோய் உக்கார வச்சிட்டீங்களே!”

இராமலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். தழும்பைப் பார்த்திருந்தார். குச்சி செருகியதே அவர்தானே. யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுண்ணாம்பு, மஞ்சள் தண்ணீர், மாரியாயியின் நிரை, துரையின் வேலை, கத்தி, தூரிகை, ஒன்று விடாமல். சொல்லச் சொல்ல அவருக்கே அழுகை வந்துவிட்டது. சாவு வீட்டில் அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

பவுனம்மாள் முழுதும் கேட்டாள். “அந்த ஏரோப்ளேன் இப்பவும் இருக்கா?”

“மைக்கு அடியில இருக்கு. தண்ணியில கழுவினா போயிரும்.”

“கழுவிருங்கண்ணே. அது இருக்கட்டும். அந்தக் காட்டுல இனிமே அவரால ஓட முடியாது. ஏறியாவது போகட்டும்.”

பதினாறாம் நாள் கருமாதியில் அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டார்கள். பந்திக்கு வந்த ஜனம் சாப்பிடுவதை விட்டுவிட்டுப் படத்தின் முன்னால் நின்றது. “பாரேன், தம்புசாமிக்கு வந்த யோகத்தை!” என்றார்கள். அவ்வளவுதான். பத்து நாளில் பண்டமாரானிலிருந்து ஆள் வந்தது, கிள்ளானிலிருந்து ஆள் வந்தது. எங்கள் அப்பாவுக்கும் ஏரோப்ளேன் வைத்து எடுங்கள். எங்கள் வீட்டுக்காரருக்கும். இராமலிங்கம் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். அழுகிற ஜனத்திடம் எத்தனை தடவை சொல்ல முடியும்? பிறகு வழக்கமாகிவிட்டது. சாவு வீட்டில் ஒரு தடவை அமுக்குவார். அதே தகட்டை ஞாயிற்றுக்கிழமை மாரியாயியின் நிரைக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை அமுக்குவார். சாவிலிருந்து தப்பிக்கத் தேடிக் கண்டுபிடித்த இடத்துக்கு, வாரா வாரம் சாவையே சுமந்துகொண்டு போனார். சுண்ணாம்புப் பொட்டை விட்டுவிட்டார், இப்போது ஆணியால் கீறல்.

அடுத்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலை எதிர் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ராதாகிருஷ்ணன் தெருவைக் கடந்து வந்தான். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் இவரோடு சரியாகப் பேசியதே இல்லை. அந்த வேலைக்கு வேறு ஆள் வந்து நாளாயிற்று.

“அம்மா போயிட்டாங்கண்ணே” என்றான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான். “ஏரோப்ளேன் வச்சே எடுங்க. ஒரே ஒரு தடவ என்னை ஏத்திக் காட்டுடான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் அங்கியே வேல பாத்தும் ஏத்தலண்ணே. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லிக்கிட்டே இருந்துட்டேன்.”

இராமலிங்கம் அவன் தோளில் கையை வைத்தார். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டார், ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பின்கட்டில் சீதாலெட்சுமி அதற்குள் செம்பை எடுத்து மஞ்சளை உரசத் தொடங்கியிருந்தாள்.

“ஞாயித்துக்கெழம காத்து எந்தப் பக்கம்னு தெரியல” என்றார் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே.

“நம்ம பக்கந்தான் அடிக்கும், போய்ட்டு வாங்க” என்றாள் அவள்.